கத்திரி வெயிலில் மேல் மாடி வீடு: ராத்திரி ஒன்பது மணிக்கும் தளம் ஏன் சுடுகிறது?

மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கத்திரி வெயில் நாளில் காலை பதினோரு மணிக்குக்கூட வீடு ஓரளவு தாங்கும்படிதான் இருக்கும். வெயில் இறங்கி, தெருவில் காற்று வர ஆரம்பித்த பிறகுதான் உள்ளே அனல் ஏறும். எட்டு, ஒன்பது மணிக்கு வாசலில் நின்றால் சுகமாக இருக்கிறது. உள்ளே போய்ப் படுத்தால் முகத்தில் சூடு அடிக்கிறது. கீழ் வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை பாதிகூடக் கிடையாது.

கேட்டால் "கான்கிரீட் சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும்" என்பார்கள். சரிதான். ஆனால் எப்படி இழுக்கிறது, இழுத்ததை எந்த வழியாக நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சூடு பரவும் வழிகள் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று பள்ளிக்கூடத்தில் மூன்று படம் போட்டுப் படித்தோம். பாடப் புத்தகத்தில் மூன்றும் தனித்தனிப் பெட்டிக்குள் இருக்கும். வீட்டில் அப்படி இல்லை. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் எது நடக்கிறது என்று பார்த்தால், மேல் மாடிச் சூட்டைக் குறைக்க நாம் செலவழிக்கும் காசில் பெரும்பங்கு தப்பான முனையில் போகிறது என்று தெரியும்.

மேலே விழுவது

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8 முதல் 13 டிகிரிக்குள் இருக்கிறது. அதனால் சித்திரையில் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. கன்னியாகுமரிப் பக்கம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும், சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரம். அந்த நாட்களில் வெயிலை நேருக்கு நேர் வாங்குவது சுவர் இல்லை, தளம்தான்.

எவ்வளவு வாங்குகிறது? பூமியின் வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1361 வாட். காற்று, தூசி, ஈரப்பதம் எல்லாம் தாண்டி, மேகமில்லாத நண்பகலில் மாடிக்கு வந்து சேர்வது 1000 வாட்டை ஒட்டி. மே மாதத்தில் நல்ல வெயில் நாள் ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 யூனிட் விழும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரே நாளில் 550 யூனிட். நடுத்தரக் குடும்பம் ஒன்றின் இரண்டு மாத மின்கட்டணச் சீட்டில் வரும் கணக்கு, தினமும் தலைக்கு மேல் இலவசமாக இறங்குகிறது.

இது வரும் வழி கதிர்வீச்சு. 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைத் தாண்டி வர வேறு வழி கிடையாது. கடத்தவும் பொருள் இல்லை, சுழலவும் காற்று இல்லை. இதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பாதிக்கும் குறைவுதான். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் பட்டகத்தால் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் அளவு ஏறியது. இன்று அகச்சிவப்பு என்கிறோம். மாடியில் விழும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியில்தான் இருக்கிறது.

பழைய சிமென்ட் தளம் இதில் எழுபது சதவீதம் அளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். பாசி காய்ந்து கறுத்துப்போன தளம் என்றால் இன்னும் அதிகம். உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். துணி உலர்த்தப் போகும்போது செருப்பில்லாமல் கால் வைக்க முடியாமல் ஓடி வருகிறோமே, அந்தச் சூடு. உறிஞ்சியது எல்லாம் கீழே இறங்கிவிடுவதில்லை. மேலே வீசும் காற்று ஒரு பங்கை அள்ளிக்கொண்டு போகிறது. தளமே வானத்தைப் பார்த்து ஒரு பங்கைத் திருப்பி வீசுகிறது. மிச்சம்தான் கீழே. காற்றே அசையாத நாளில் இந்த மிச்சம் பெரிதாகிவிடும்.

தளத்துக்குள் ஒரு நீண்ட நடை

மேற்பரப்பைத் தாண்டியதும் கதிர்வீச்சின் வேலை முடிந்தது. இனிமேல் கடத்தல். ஓர் அடுக்கு அதிர்ந்து அடுத்த அடுக்கை அதிரவைக்க, அது அதற்கடுத்ததை அதிரவைக்க, சூடு மெதுவாகக் கீழே இறங்கும். 1822-ல் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதைக் கணக்காக்கிக் கொடுத்தார். இரண்டு பக்கத்து வெப்பநிலை வித்தியாசம் கூடினால் சூடு கூடுதலாகப் பாயும், தடிமன் கூடினால் குறையும், அப்புறம் பொருளின் குணம் என்று ஒன்று உண்டு. அந்தக் குணத்தை ஓர் எண்ணாகச் சொல்லலாம். செம்புக்கு சுமார் 400, எவர்சில்வருக்கு 15, கான்கிரீட்டுக்கு 1.5, செங்கல்லுக்கு 0.7, மரத்துக்கு 0.15, தெர்மோகோலுக்கு 0.035, அசையாத காற்றுக்கு 0.026.

இந்தப் பட்டியலில் கான்கிரீட் எங்கே நிற்கிறது பாருங்கள். உலோகத்தோடு ஒப்பிட்டால் மந்தம். செங்கல்லோடு ஒப்பிட்டால் இரு மடங்கு சுறுசுறுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வினை. சூட்டைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அது மோசமான கடத்தியும் இல்லை, வந்ததை உடனே விட்டுவிடும் அளவுக்கு நல்ல கடத்தியும் இல்லை.

இதோடு எடையையும் சேருங்கள். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் என்றால் எடை சுமார் 28 டன். அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 7 யூனிட் ஆற்றல் வேண்டும். காலையில் இருந்ததைவிட மாலையில் தளம் சராசரியாகப் பத்து டிகிரி கூடியிருந்தால், 70 யூனிட் சூடு தலைக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் அடுத்த தோசையைச் சுட்டுக் கொடுக்கும் தோசைக்கல்லைப் போல, சூரியன் போன பிறகும் தளம் தன் வேலையை விடாது.

தாமதமும் இதில்தான் வருகிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட்டின் மேல்பக்க உச்சச் சூடு கீழ்ப்பக்கத்தில் தெரிய மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். அதன் மேல் கொத்தனார்கள் சுருக்கி என்று சொல்லும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் மூன்று அங்குலம் இருந்தால் இன்னும் இரண்டரை மணி நேரம். மேலே ஒரு மணிக்கு உச்சம் என்றால் கீழே ஏழு மணிக்கு உச்சம். சூரியன் மறைந்த நேரத்தில்தான் அதன் மதியச் சூடு உங்கள் அறைக்கு வந்து சேர்கிறது. அதற்கப்புறம் இறங்குவதும் அதே நிதானத்தில்தான், விடியும்வரை.

இதற்காகச் சுருக்கியைக் குறை சொல்லக் கூடாது. அது தாமதப்படுத்துவதோடு அளவையும் மட்டுப்படுத்துகிறது. சென்னையின் பழைய கட்டடங்களில் தேக்கு உத்திரங்களுக்குக் குறுக்கே செங்கல்லை நெட்டுவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து, மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் கூரை அதுதான். கான்கிரீட்டைவிடக் குறைவாகக் கடத்தும் பொருள், அதுவும் நல்ல தடிமனில். உட்கூரையும் உயரம். இன்றைய அடுக்குமாடியில் செலவைக் குறைக்கச் சுருக்கியை ஒல்லியாக்குகிறார்கள், அல்லது வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டுவிடுகிறார்கள். வீடு வாங்கும்போது சமையலறை மேடைக் கல் எந்த ஊர் கிரானைட் என்று கேட்கிறோம்; மேல் தளத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு இதற்கு நேர் எதிர். ஓடு மெல்லியது, எடை குறைவு. மதியம் சட்டென்று சுடும், இருட்டியதும் சட்டென்று ஆறும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகச் சூடான காற்று வெளியேறிவிடும். வயலுக்கோ வேலைக்கோ பகலில் போய்விட்டு ராத்திரி மட்டும் படுக்க வருபவருக்கு அது ஒத்துவந்தது.

அறைக்குள்: காற்றைக் குற்றம் சொல்லாதீர்கள்

தளத்தின் அடிப்பக்கம் 40 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கட்டிலில் படுத்திருக்கும் உங்களுக்குச் சூடு எப்படி வருகிறது?

தளம் காற்றைச் சூடாக்குகிறது, அந்தக் காற்று கீழே வருகிறது என்றுதான் நினைப்போம். ஆனால் சூடான காற்று எடை குறைந்தது, மேலேயே நிற்கும். அடியில் சூடாக்கினால்தான் சலனம் நடக்கும்: உலைப் பாத்திரத்தில் அடித் தண்ணீர் சூடாகி மேலே வர, மேல் தண்ணீர் கீழே போகும். மேல்பக்கத்தில் சூடாக்கினால் அந்தச் சுழற்சியே கிளம்பாது. உட்கூரையை ஒட்டிச் சூடான காற்று ஒரு படலமாக அப்படியே தேங்கி நிற்கிறது. காற்றோ நாம் மேலே பார்த்த பட்டியலிலேயே கடைசிக் கடத்தி. ஆக, மின்விசிறி ஓடாத அறையில் சலனம் வழியாகவும் கடத்தல் வழியாகவும் உங்களுக்கு வருவது சொற்பம்.

வருவது கதிர்வீச்சு. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். கெல்வின் கணக்கில் (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது) வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அது கூடும் என்று 1879-ல் யோசெஃப் ஸ்டெஃபான் கண்டார். சில ஆண்டுகளில் அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் கொடுத்தார். அந்தக் கணக்கை நம் அறைக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 டிகிரி தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 540 வாட் வீசும். 34 டிகிரியில் இருக்கும் நம் தோல் பதிலுக்குச் சுமார் 500 வாட் வீசும். நிகரமாக நமக்கு வரவு 40 வாட். அதே தளம் 28 டிகிரியில் இருந்தால் வீசுவது 465 வாட்தான். அப்போது நாம் 35, 40 வாட் இழக்கிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மொத்தமாக நூறு வாட் அளவுக்குச் சூட்டை உண்டாக்குகிறது, அதை எப்படியாவது வெளியே தள்ளியாக வேண்டும். தள்ள வேண்டிய கதவு வழியாகவே சூடு உள்ளே வந்தால் என்ன ஆகும்?

நம்பிக்கை இல்லையென்றால் மே மாதச் சாயங்காலம் ஒன்றில் விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி உள்ளங்கையைத் தளத்தை நோக்கிப் பிடியுங்கள், தொட வேண்டாம். இதமான சூடு தெரியும். இப்போது நடுவில் ஒரு செய்தித்தாளை நீட்டுங்கள். சூடு அந்த நொடியே நின்றுபோகும். எடுத்தால் அந்த நொடியே திரும்ப வரும். காற்றால் வந்த சூடு என்றால் இவ்வளவு உடனடியாக வெட்டிவிட முடியாது. நேர்கோட்டில், வெளிச்சத்தைப் போலவே வருகிறது.

சுவரில் மாட்டிய வெப்பமானி 33 காட்டும்போதும் உடம்பு 37 என்று புலம்புவதன் காரணம் இதுதான். வெப்பமானி பெரும்பாலும் காற்றைச் சொல்கிறது. உடம்பு காற்றையும் தளத்தையும் சுவரையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது.

மின்விசிறிக்கு வருவோம். அது காற்றைக் குளிரவைப்பதில்லை, மோட்டார் சூட்டையும் சேர்த்தால் துளி கூட்டவே செய்கிறது. அதன் வேலை தோலை ஒட்டி நிற்கும் ஈரமான, வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை விலக்குவது. அதனால் வியர்வை ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 2400 கிலோஜூல் அளவுக்குச் சூட்டை எடுத்துப் போகும். மேலே சொன்ன மூன்று வழிகளிலும் சேராத நான்காவது வழி இது, நம் ஊர்க் கோடையில் உயிர் காப்பதே அதுதான். ஆனால் மேல் மாடி அறையில் விசிறிக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. உட்கூரையை ஒட்டித் தேங்கி நிற்கும் அந்தச் சூடான படலத்தைக் கலைத்துக் கீழே தள்ளுகிறது. தளத்துக்கும் காற்றுக்கும் இடையே இல்லாமலிருந்த சலனத்தை அதுவே உண்டாக்கிக் கொடுக்கிறது. "ஃபேன் போட்டா சூடா அடிக்குது" என்பது மனப்பிரமை இல்லை.

பழைய வீடுகளில் சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர் வைத்தார்களே, அது இந்தப் படலத்துக்கான வாசல். இப்போது ஜன்னல் ஏழடியோடு முடிகிறது, தளம் ஒன்பதரை, பத்தடியில் இருக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டரை, மூன்றடிக்கு வெளியே போக வழியே கிடையாது.

ஏசி போட்டால்? காற்று குளிரும், தளம் குளிராது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 5 யூனிட் சூட்டை வெளியேற்றும். தளத்தில் கிடப்பதோ 70 யூனிட். அதில் பாதி கீழ்ப்பக்கம் வந்தாலும் ராத்திரியெல்லாம் ஏசிக்கு வேலை இருக்கிறது. மேலும் அறையைக் குளிராக்க ஆக, தளத்துக்கும் அறைக்கும் வித்தியாசம் கூடி, சூடு இன்னும் வேகமாக இறங்கும். மேல் மாடிக்காரர் ரிமோட்டில் 18 வைப்பதும், கீழ் வீட்டுக்காரர் 26-ல் போர்வை தேடுவதும் இதனால்தான்.

ராத்திரி வானம் உதவுமா?

பகலில் வானத்திலிருந்து வாங்கியதை ராத்திரி வானத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம். மேகமில்லாத, வறண்ட வானம் கதிர்வீச்சுக் கணக்கில் மிகக் குளிர்ந்த பரப்பு, பக்கத்துக் காற்றைவிடப் பத்து, இருபது டிகிரி குளிர்ந்த ஒரு கூரை மேலே இருப்பது மாதிரி நடந்துகொள்ளும்.

இதை வைத்து நம் நாட்டில் ஐஸே செய்திருக்கிறார்கள். 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ராபர்ட் பார்க்கர் என்பவர் அலகாபாத்தில் நடந்த வேலையை விவரித்திருக்கிறார். திறந்த வெளியில் முப்பதடிக்கு முப்பதடி, இரண்டடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, உள்ளே காய்ந்த கரும்புத் தட்டையையோ சோளத்தட்டையையோ ஓரடி கனத்துக்குப் பரப்புவார்கள். அதன் மேல் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிக ஆழமே உள்ள சிறு மண் தட்டுகளை நெருக்கமாக அடுக்கி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அந்தி நேரத்தில் ஊற்றிவைப்பார்கள். சூரியன் கிளம்புவதற்கு முன் வந்து பார்த்தால் தட்டில் ஐஸ் கட்டியிருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் குளமோ குட்டையோ உறைவதே இல்லை.

தட்டைக்கு என்ன வேலை என்று கவனிக்க வேண்டும். நிலத்திலிருந்து சூடு கடத்தலாக மேலே வராமல் தடுக்கிறது. பள்ளம் காற்றோட்டத்தை மட்டுப்படுத்திச் சலனத்தைக் குறைக்கிறது. இரண்டு வழியையும் அடைத்துவிட்டு, வானத்தைப் பார்த்த கதிர்வீச்சை மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள். மண் தட்டில் கசியும் ஈரம் ஆவியாவதும் கூட உதவியது. பார்க்கருக்கே முழுக் காரணம் பிடிபடவில்லை. பனித்துளி எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-ல் எழுதியபோதுதான், தெளிந்த இரவில் பொருட்கள் கதிர் வீசியே சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன என்பது தெளிவானது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளியில் உறைபனி பூத்துக் கிடப்பதும் இதே வழியில்தான். மேகம் மூடிய இரவில் அது வராது.

சென்னைக்கு இந்த உதவி அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. கடலோரக் காற்றில் நிறைந்திருக்கும் நீராவி, தளம் வீசும் கதிரை வாங்கிக்கொண்டு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வானம் இங்கே அவ்வளவு குளிர்ந்த கூரை இல்லை. பக்கத்தில் உயரமான கட்டடங்கள் நின்றால் உங்கள் மாடிக்குத் தெரியும் வானமே துண்டாகிவிடும். அந்தச் சுவர்கள் தாங்கள் பகலில் சேர்த்ததை உங்கள் தளத்தின் மேல் வீசும். மேற்கே உள்நாட்டு ஊர்களில் பகல் இதைவிடக் கடுமையாக இருந்தாலும் விடியற்காலை கொஞ்சம் மூச்சு விட முடிவதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம்.

சென்னைக்குக் கிடைத்த கொடை வேறு: கடல் காற்று. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. நிலத்தின் மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். உலைப் பாத்திரத்தில் நடந்த அதே சலனம், இங்கே பல கிலோமீட்டர் அளவில். மதியத்துக்கு முன்னால் அது உள்ளே வந்துவிட்டால் வெப்பநிலை அத்தோடு நின்றுவிடும். மேற்குக் காற்று பலமாக வீசிக் கடல் காற்றைத் தள்ளிப்போடும் நாட்களில்தான் நகரம் 40-ஐத் தாண்டுகிறது.

மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தவர்களுக்கு கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் ஒரே சமயத்தில் உடம்பில் தெரிந்திருக்கும். முதுகுப்பக்கம் தளத்தின் சூடு பாய் வழியாக ஏறும். பக்கவாட்டில் காற்று தழுவிப் போகும். முகமும் நெஞ்சும் திறந்த வானத்தைப் பார்த்துக் குளிரும். கீழே அதே கட்டிலில் படுத்தால் முகம் பார்ப்பது 40 டிகிரி கான்கிரீட்டை.

அப்படியென்றால் எங்கே கை வைப்பது?

சூடு தளத்துக்குள் நுழையும் முன். நுழைந்த பிறகு செய்வது எல்லாம் சமாளிப்புதான்.

மிக மலிவான வழி வெள்ளை. சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்டோ, நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் எழுபது, எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மேற்பரப்பு 15, 20 டிகிரி குறையும். அறைக்குள் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறைவு தெரியலாம். தெலங்கானா 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

வெள்ளையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூரியக் கதிரும் தளம் வீசும் கதிரும் வேறு வேறு அலைநீளம். வெள்ளைப் பூச்சு முதலாவதைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது கணக்கில் அது கறுப்புக்குச் சமம், தன்னிடம் இருப்பதைத் தாராளமாக வானத்துக்கு வீசிவிடும். பளபளக்கும் உலோகம் இதற்கு நேர்மாறு. வெயிலைத் திருப்பத்தான் செய்கிறது, ஆனால் உறிஞ்சிய கொஞ்சத்தையும் வெளியே வீசத் தெரியாமல் உள்ளேயே வைத்துக் காய்கிறது. தகர ஷீட் பார்க்க வெள்ளைத் தளம் மாதிரி மின்னினாலும் தொட்டால் சுடுவதற்கு இதுவே காரணம். அந்த ஷீட்டின் மேலேயே வெள்ளை அடித்தால் வித்தியாசம் தெரியும். ஷீட் வீட்டுக்காரர்களுக்குத் தடிமன், தாமதம் என்ற பேச்சே இல்லை, வெயில் அடித்த சில நிமிடத்தில் உள்ளே அனல். வெள்ளைப் பூச்சால் முதலில் பயன் பெற வேண்டியவர்களும் அவர்கள்தான். அரசுப் பணம் இந்த வகையில் செலவாவதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

வெள்ளைக்குக் குறை இல்லாமல் இல்லை. தூசி படியும், மழைக்குப் பிறகு பாசி பிடிக்கும்; வெறும் சுண்ணாம்பு ஒரு வடகிழக்குப் பருவமழையில் கரைந்துவிடும், வெள்ளை சிமென்டும் பசையும் கலந்து அடித்தால் கூடுதலாக நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை, பங்குனியில், கழுவித் திரும்ப அடிக்க வேண்டும். கூலிங் டைல்ஸ் என்று விற்பது நீடித்து உழைக்கும். அதற்கும் வெள்ளைதான் முக்கியம், கழுவாமல் விட்டால் அதுவும் சாதாரண ஓடு.

நிழல் இன்னும் நல்லது. மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் வெயிலைப் பந்தல் வாங்கிக்கொள்கிறது, பந்தலுக்கும் தளத்துக்கும் நடுவே ஓடும் காற்று பந்தலின் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. பச்சை வலையும் அந்த வேலையை ஓரளவு செய்யும், தளத்தை ஒட்டிக் கட்டாமல் ஆறு, ஏழடி உயரத்தில் கட்டினால்.

தெர்மோகோல் வகைப் பலகைகளைத் தளத்துக்கு மேலே பதிப்பதற்கும், கீழே ஃபால்ஸ் சீலிங்காக மாட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. கீழே மாட்டினால் தளத்தின் கதிர் உங்கள் மேல் நேராகப் படாது, அந்த மட்டும் லாபம். ஆனால் 28 டன் கான்கிரீட் தினமும் சூடேறி ஆறிக்கொண்டேதான் இருக்கும், விரிசலும் கசிவும் குறையப்போவதில்லை. அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை என்றால், தாளுக்கு எதிரே ஓரங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது கதிரைத் தடுக்கும். கான்கிரீட்டோடு ஒட்டிவிட்டால் அது இன்னொரு நல்ல கடத்தி, அவ்வளவுதான். சுருக்கிக்குள் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கும் பழைய முறையில் இந்தக் காற்று இடைவெளிதான் வேலை செய்கிறது. சூடு மேலிருந்து வருவதால் பானைக்குள் காற்று சுழலாமல் அடங்கி நிற்கும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் வீட்டுக்கு மேல்பக்கத் தடுப்பு கட்டாயம் லாபம். ஏசி இல்லாத வீடு என்றால் முதலில் வெள்ளை. தடுப்பை மட்டும் பதித்துவிட்டால் உள்ளே சேர்ந்த சூடு ராத்திரி மேல்வழியாக வெளியேறுவதும் மந்தமாகிவிடும்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவது? கணக்குப்படி அபாரம். 15 லிட்டர் வாளித் தண்ணீர் முழுக்க ஆவியானால் 10 யூனிட் சூடு போய்விடும். நடைமுறையில் பாதிக்கு மேல் வடிகுழாய் வழியே ஓடிவிடுகிறது. மேற்பரப்பு உடனே குளிர்ந்தாலும் அந்தக் குளிர்ச்சி கீழே இறங்கவும் அதே ஐந்தாறு மணி நேரம் வேண்டும், கடத்தலுக்கு அவசரம் தெரியாது. ஆறு மணிக்கு ஊற்றிவிட்டு ஏழு மணிக்குப் பலன் பார்க்கக் கூடாது. கோணியை விரித்து அதை ஈரமாக வைத்திருந்தால் குறைந்த தண்ணீரில் அதிகம் ஆவியாகும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இதை யாருக்கும் சொல்ல மனம் வராது.

தளத்துக்கு இத்தனையும் செய்த பிறகும் ஒரு படுக்கையறை மட்டும் அடங்காவிட்டால், அது மேற்குச் சுவராக இருக்கும். மூன்று மணிக்கு மேல் சரிந்து வரும் வெயில் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து சுவரில் நேராகப் படும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் தன் பங்குக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் கொடுக்கும். அங்கே பூச்சு மாற்றுவதைவிட, சுவருக்கு வெளியே இரண்டடி தள்ளி மூங்கில் தட்டி கட்டுவது, கொடி படரவிடுவது, இடம் இருந்தால் ஒரு மரம் வைப்பது பலன் தரும். தெற்குச் சுவருக்காக அவ்வளவு கவலைப்பட வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால், அந்த நாட்களில் வெயில் வாங்குவது வடக்குச் சுவர்தான்.